தோட்டக் குளத்துக்கு ஃபிளெக்சிபிள் பைப்: அளவு பார்ப்பதிலிருந்து கசிவில்லாமல் ஒட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

குளம் வெட்டி, லைனர் (நீர் கசியாமல் தடுக்கும் விரிப்பு) விரித்து, கல் அடுக்கி முடித்து, ஆசையோடு சுவிட்சைப் போட்டால் அருவியில் நீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. உடனே திட்டு வாங்குவது பம்ப்தான். பம்பின் மேல் தவறே இல்லாமலும் இருக்கலாம். பம்புக்கும் அருவிக்கும் நடுவில் ஓடும் குழாய் ஒல்லியாக இருக்கும், மண்ணுக்கடியில் எங்கோ மடிந்து கிடக்கும், அல்லது பம்புக்கு முந்தைய பக்கத்தில் சரியாக ஒட்டாத ஒரு ஜாயின்ட் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

குழாய் வாங்கும்போது இரண்டு விட்டங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். எவ்வளவு நீர் போகும் என்பதை உள் விட்டம் முடிவு செய்கிறது. எந்த ஃபிட்டிங் (குழாய்களை இணைக்கும் துண்டு) பொருந்தும் என்பதை வெளி விட்டம் முடிவு செய்கிறது. "ஒன்றரை இஞ்ச் பைப்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் இந்த இரண்டில் ஏதோ ஒன்று காலை வாரிவிடும்.

எந்தக் குழாய்

ஃபிளெக்சிபிள் பைப் என்ற ஒரே பெயரில் கடையில் வெவ்வேறு பொருள்கள் கிடைக்கின்றன. வெளியே பார்த்தால் எல்லாம் வளைகின்றன. இணைக்கும் முறை மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

முதலாவது, ஃபிளெக்சிபிள் பி.வி.சி. பைப். மென்மையாக்கப்பட்ட பி.வி.சி. சுவருக்குள் கடினமான பி.வி.சி. கம்பி சுருள்போல ஓடும். உட்புறம் வழவழப்பாக இருக்கும். இதன் வெளி விட்டம் சாதாரண கடின பி.வி.சி. பைப்பின் வெளி விட்டமேதான். அதனால் அதே எல்போ, டீ, யூனியன் (கையால் கழற்றி மாட்டும் இணைப்பு), வால்வு எல்லாவற்றிலும் சொல்வென்ட் சிமென்ட் என்ற பசை போட்டு ஒட்டலாம். பல வருடம் தொடாமல் இருக்க வேண்டிய குளத்துக்கு இதுவே முதல் தேர்வு.

இரண்டாவது, வெளியே வளையம் வளையமாக மடிப்புகள் தெரியும் ரிப்டு ஹோஸ். விலா எலும்புபோல இருக்கும், எப்படி வளைத்தாலும் மடியாது. இதை ஒட்ட முடியாது. ஹோஸ் நிப்பிளில் (குழாயை மேலே செருகும் வரிவரியான முனை) ஏற்றி, கிளிப் போட்டு இறுக்க வேண்டும். உட்புறமும் மடிப்பாக இருக்கும் வகைகளில் நீரோட்டத்துக்குத் தடை அதிகம், அழுக்கும் தங்கும். நீரில் மூழ்கும் பம்பிலிருந்து கரை வரை ஓரிரு மீட்டருக்கு இது நல்லது. பம்பை வெளியே தூக்கிக் கழுவ வசதி. முழு நீளத்துக்கும் இதையே ஓட்டினால் பம்பின் சக்தி வீணாகும்.

மூன்றாவது, ஒளி ஊடுருவும் வினைல் டியூப். சின்ன நீரூற்றுக்கு மேல் எதற்கும் வேண்டாம். வெயில் உள்ளே போவதால் பாசி பிடிக்கும், வளைவில் மடியும், உறிஞ்சும் பக்கத்தில் போட்டால் சப்பிப்போகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபிளெக்சிபிள் பி.வி.சி. பைப்பை ஹோஸ் நிப்பிளில் ஏற்றி கிளிப் போடுவது தவறு. முதல் நாள் கசியாது. அழுத்தம் பட்ட இடத்தில் மென்மையான சுவர் மெல்ல நகர்ந்துகொடுக்கும், சில மாதங்களில் கிளிப் தளர்ந்துவிடும். உள்ளே ஓடும் கடினச் சுருளோ கிளிப்பை முழுமையாக இறுக விடாது. இது ஒட்டுவதற்கான குழாய்.

நிறத்தில், வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு நல்லது. மீன் வளர்ப்பதாக இருந்தால் குடிநீருக்கு ஏற்றது என்று குறித்த குழாயை வாங்குங்கள். செம்பு, பித்தளை ஃபிட்டிங்குகளைக் குளத்து நீரில் வைக்காதீர்கள். கரையும் செம்பு மீனுக்கும் நத்தைக்கும் விஷம்.

எவ்வளவு நீர், எவ்வளவு பெரிய குழாய்

ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம்: நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 0.8 மீட்டர். பெருக்கினால் 4.8 கன மீட்டர். ஓரங்கள் சரிவாகவும் வளைவாகவும் இருப்பதால் 0.8 ஆல் பெருக்குங்கள். சுமார் 3,800 லிட்டர். மீன் நிறைய இருந்தால் முழு நீரும் மணிக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்ற வேண்டும். செடி மட்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். அருவிக்குத் தனிக் கணக்கு. விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு சுமார் 150 லிட்டர் இருந்தால் நீர் மெல்லிய திரையாக விழும். 40 செ.மீ. அகல அருவிக்கு மணிக்கு 6,000 லிட்டர். இரண்டில் பெரியதை எடுங்கள். இங்கே 6,000.

இனி குழாய். உள்ளே நீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சத்தமும் உராய்வும் கட்டுக்குள் இருக்கும். அந்த வேகத்தில் 1 இஞ்ச் குழாய் மணிக்கு ஏறக்குறைய 3,000 லிட்டரும், ஒன்றேகால் இஞ்ச் 5,000 லிட்டரும், ஒன்றரை இஞ்ச் 7,000 லிட்டரும், 2 இஞ்ச் 11,500 லிட்டரும், 3 இஞ்ச் 25,000 லிட்டரும் கொண்டுபோகும். நம் 6,000 லிட்டருக்கு ஒன்றரை இஞ்ச்.

ஒரு அளவு குறைத்தால் என்னதான் ஆகிவிடும் என்று தோன்றும். 10 மீட்டர் நீளத்தில் மணிக்கு 6,000 லிட்டர் ஓட வேண்டுமானால், உராய்வை மட்டும் வெல்ல 2 இஞ்ச் குழாயில் பம்ப் கூடுதலாகத் தள்ள வேண்டிய உயரம் சுமார் 14 செ.மீ. ஒன்றரை இஞ்ச்சில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றேகால் இஞ்ச்சில் 1 மீட்டர். 1 இஞ்ச்சில் 3.8 மீட்டர். அதாவது 1 இஞ்ச் குழாய் போட்டால், உங்கள் அருவியை இன்னும் ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கி வைத்ததற்குச் சமம். பம்ப் அங்கேதான் திணறுகிறது.

பம்ப் வாங்கும்போது மொத்தத்தையும் கூட்டுங்கள். குளத்தின் நீர்மட்டத்திலிருந்து அருவியின் வாய் வரை 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதைச் சேர்க்க வேண்டாம். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம்தான் கணக்கு. அதனுடன் உராய்வுக்கு 0.5, எல்போ, வால்வுகளுக்கு 0.3. ஆக, 2 மீட்டர் உயரத்தில் 6,000 லிட்டர் தரும் பம்ப் வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. எந்த உயரத்தில் எவ்வளவு நீர் என்று காட்டும், உள்ளேயிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள்.

பம்பின் வாய் 1 இஞ்ச்தானே, குழாயும் அதுவே போதும் என்பது பலரும் சறுக்கும் இடம். பம்ப் வாயிலேயே ரெடியூசர் (இரண்டு அளவுகளை இணைக்கும் துண்டு) போட்டு உடனே ஒன்றரைக்குப் போய்விடுங்கள். பெரிய குழாய் போட்டால் நீர் மேலே ஏறாது என்ற பயமும் வேண்டாம். ஏற வேண்டிய உயரம் குழாய் பருமனால் மாறாது, உராய்வு மட்டும் குறையும்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

இஞ்ச் கணக்குக் குழாயும் மில்லிமீட்டர் கணக்குக் குழாயும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றரை இஞ்ச் குழாயின் வெளி விட்டம் 48.3 மி.மீ.; அதன் ஜோடிபோலத் தெரியும் மெட்ரிக் குழாய் 50 மி.மீ. 2 இஞ்ச் என்றால் 60.3, மெட்ரிக்கில் 63. இங்கே மெட்ரிக் குழாய் இஞ்ச் ஃபிட்டிங்கின் வாய்க்குள் நுழையவே நுழையாது, கடைக்கே திரும்பிப் போய்விடுவீர்கள். நஷ்டம் நேரம்தான். ஆபத்து 1 இஞ்ச்சில் இருக்கிறது. அங்கே வெளி விட்டம் 33.4, மெட்ரிக்கில் 32. மெட்ரிக் குழாய் 1 இஞ்ச் ஃபிட்டிங்குக்குள் லேசாக வழுக்கிக்கொண்டு போகும். பொருந்திவிட்டது என்று நினைத்துப் பசையை நிறையப் போடுவோம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள இடைவெளியைப் பசை நிரப்பி நிற்காது. ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

குழாயின் மொத்த நீளத்துடன் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். ஒட்டிய ஜாயின்ட் தவறினால் அதைக் கழற்ற முடியாது, வெட்டி எறியத்தான் வேண்டும். நம் எடுத்துக்காட்டுக் குளத்துக்குத் தேவையானவை: ஒன்றரை இஞ்ச் குழாய் 11 மீட்டர், யூனியன் 2, பால் வால்வு 1, பம்ப் வாய்க்கு ஆண் மரை அடாப்டர் 1, ரெடியூசர் 1, இரண்டு மூன்று 45 டிகிரி எல்போ, டெஃப்ளான் டேப், பிரைமர் (பசைக்கு முன் பூசும் திரவம்), ஃபிளெக்சிபிள் பி.வி.சி.க்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் சொல்வென்ட் சிமென்ட். இந்தக் கடைசி வரியில் சிக்கனம் வேண்டாம். கடின பைப்புக்கான சாதாரணப் பசை காய்ந்ததும் விறைத்துவிடும். குழாய் அசையும்போது ஜாயின்ட் வாயில் விரிசல் விழும்.

குழாயைப் பதிப்பது

சுருளாக வரும் குழாய்க்குச் சுருண்டே இருக்கும் குணம் உண்டு. ஒட்டும் நாளுக்கு முன்பே பிரித்து, ஓரிரு மணி நேரம் வெயிலில் நேராகப் போட்டு, முனைகளில் கல் வைத்து அழுத்துங்கள். சுருளும் வேகத்தோடு ஒட்டினால் காயும் முன்னரே ஜாயின்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வளைவுகளில் தாராளமாக இருங்கள். குழாய் விட்டத்தைப் போல 6 மடங்கு ஆரம் வைத்தால் மடிப்பு விழாது; ஒன்றரை இஞ்ச்சுக்கு சுமார் 23 செ.மீ., 2 இஞ்ச்சுக்கு 30 செ.மீ. அதைவிட நெருக்கமாகத் திருப்ப வேண்டிய இடத்தில் 45 டிகிரி எல்போ இரண்டைச் சற்று இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒரே ஒரு 90 டிகிரி எல்போ ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நேர்க்குழாய் அளவுக்குத் தடை தரும். குளிர் நேரத்தில் குழாய் விறைப்பாக இருந்தால் வெந்நீர் ஊற்றி வளைக்கலாம். தீயைக் காட்டாதீர்கள்.

பாதையில் நடுவே மேடு வேண்டாம். பம்பிலிருந்து அருவி வரை குழாய் தொடர்ந்து ஏற வேண்டும். நடுவில் ஏறி இறங்கினால் மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு ஓட்டத்தைக் குறைக்கும்.

புதைப்பதானால் 30 முதல் 45 செ.மீ. ஆழம், கீழே 5 செ.மீ. மணல், மேலே 10 செ.மீ. மணல், அப்புறம் மண். கூர்மையான கல் நேரடியாகப் பட்டால் மென்மையான சுவர் நாளடைவில் அமுங்கும். கரையான் உள்ள மண்ணில் ஃபிளெக்சிபிள் பி.வி.சி.யை வெறுமனே புதைக்காதீர்கள். அது இதைத் துளைத்துவிடும். எலியும் கடிக்கும். 3 அல்லது 4 இஞ்ச் கடின பைப்பை உறையாகப் புதைத்து அதற்குள் இதை இழுத்து விடுங்கள், அல்லது மண்ணுக்கடியில் கடின பைப்பே போட்டு இரு முனைகளிலும் மட்டும் வளையும் பைப்பை வையுங்கள். உறைக்குள் ஜாயின்ட் ஏதும் இருக்கக் கூடாது.

லைனரைத் துளைக்காமல் வேலை முடியும் என்றால் துளைக்காதீர்கள். குழாயைக் கரைக்கு மேலாக எடுத்து ஒரு தட்டைக் கல்லால் மறைக்கலாம்.

ஒட்டுவது

நிதானமாகச் செய்ய வேண்டியது இந்தப் பகுதிதான். வெயில் ஏறும் முன், நிழலில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிரைமரும் பசையும் விடும் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். கையுறை போடுங்கள்.

பல் நுணுக்கமான ரம்பத்தால் செங்குத்தாக வெட்டுங்கள். ராட்செட் கட்டர் குழாயை நசுக்கி முட்டை வடிவமாக்கலாம். அப்படியானால் கையால் அழுத்தி வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உள் விளிம்பில் தொங்கும் பிசிறைக் கத்தியால் சீவுங்கள். வெளி விளிம்பைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சாய்வாகத் தேயுங்கள். அந்தக் கூர்முனை அப்படியே இருந்தால், உள்ளே போகும்போது ஃபிட்டிங்கின் வாயில் பூசிய பசையை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும்.

பசை இல்லாமல் ஒருமுறை செருகிப் பாருங்கள். வாயின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போய் இறுக வேண்டும். ஆடிக்கொண்டே அடி வரை போனால் அளவு தவறு. வாயின் ஆழத்தை அளந்து, குழாயில் அதைவிட 2 செ.மீ. தள்ளி மார்க்கரால் கோடு போடுங்கள். சரியான இடத்தில் போட்டால் பிரைமர் அழித்துவிடும்.

இப்போது குழாயின் முனையை விரலால் தடவுங்கள். வழவழப்பாகத் தெரிந்தாலும் மெல்லிய அலை ஒன்று கையில் தட்டுப்படும். உள்ளே ஓடும் சுருளின் தடம் அது. கடின பைப்பில் இது கிடையாது. பசை மெல்லிசாக இருந்தால் அலையின் மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளம் வெறுமனே நிற்கும். நீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்து, சுருள் படிக்கட்டில் இறங்குவதுபோலச் சுற்றிச் சுற்றி வெளியே வரும். ஃபிளெக்சிபிள் பைப் ஜாயின்ட் கசிவதற்கு இதுதான் பெரிய காரணம்.

எனவே, முதலில் இரண்டு பரப்பிலும் பிரைமர். அது குழாயை நனைக்க வேண்டும், ஊறவைக்கக் கூடாது. ஈரம் காயும் முன் குழாயின் மேல் தாராளமாகப் பசை, அலையின் பள்ளங்களுக்குள் பிரஷ்ஷை அழுத்திச் சுற்றுங்கள். ஃபிட்டிங்கின் வாய்க்குள் மெல்லிய பூச்சு மட்டும். அங்கே அதிகமானால் உள்ளே தேங்கி, மென்மையான சுவரைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். பிறகு குழாயின் மேல் இரண்டாவது பூச்சு. உடனே கால் சுற்று திருப்பிக்கொண்டே அடி வரை தள்ளுங்கள். மார்க்கர் கோட்டுக்கும் வாய்க்கும் நடுவில் 2 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். விட்டால் குழாய் மெல்லப் பின்னுக்கு வரும். வாய் சற்றுச் சரிவாகக் குறுகுவதால் அது குழாயை வெளியே தள்ளப் பார்க்கும்.

வாயைச் சுற்றிப் பசை முழு வளையமாகப் பிதுங்கியிருந்தால் நல்ல ஜாயின்ட். ஒரு இடத்தில் வளையம் அறுந்திருந்தால் அங்கே பசை போதவில்லை. அதை மேலே பூசி மறைக்க முயலாதீர்கள், கசியும். வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். மிகுதியைத் துடைத்து, அரை மணி நேரம் அசைக்காமல் விட்டு, 24 மணி நேரம் கழித்தே நீர் விடுங்கள். குளிரானால் இன்னும் கூடுதல் நேரம். முதல் ஓட்டத்து நீரைக் குளத்தில் விடாமல் வெளியேற்றுங்கள்.

மரையும் வால்வும்

மரை உள்ள இடத்தில் டெஃப்ளான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்றி, கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் ஒரு சுற்று. அதற்கு மேல் வேண்டாம். உலோக மரையின் மேல் பிளாஸ்டிக் பெண் மரையை ஏற்றினால் அது பிளந்துவிடும். பிளாஸ்டிக் எப்போதும் ஆண் மரையாக இருக்கட்டும்.

வெளியே வைக்கும் பம்புக்கு இரு பக்கமும் யூனியன் போடுங்கள். குழாயின் எடை பம்ப் வாயில் தொங்காமல் கீழே முட்டுக் கொடுங்கள். ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு பம்புக்குப் பிந்தைய பக்கத்தில் இருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் மூடினால் பம்ப் வெறும் வாயை மெல்லும், சத்தம் போடும், தேயும். உறிஞ்சும் குழாய் ஒரு அளவு பெரிதாகவும் முடிந்தவரை குட்டையாகவும் இருக்கட்டும்.

அருவியின் மேல் தொட்டிக்குள் குழாயின் முனை நீருக்கடியில் முடிந்தால், கரண்ட் போனதும் அந்தத் தொட்டி நீர் முழுவதும் பின்னோக்கி இழுபட்டுக் குளத்தில் இறங்கும். குளம் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் வழியும். நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடலாம், ஆனால் இலைத் துணுக்கு சிக்கினால் அது மூடாது. குழாயில் மேல் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று நுழைந்து இழுப்பை அறுத்துவிடும். இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

ஓட்டிப் பார்ப்பது

பள்ளத்தை மூடும் முன் குறைந்தது ஒரு நாள் ஓடவிடுங்கள். நீரில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பம்பின் பிளக்கைக் கழற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு இல்லாத லைனில் குளத்துப் பம்பை மாட்டவே வேண்டாம்.

பம்புக்குப் பிந்தைய ஜாயின்ட் கசிந்தால் நீர் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். முந்தைய ஜாயின்ட் கசிந்தால் ஒரு சொட்டும் வராது, காற்று உள்ளே போகும். திரும்பி விழும் நீரில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தால் அதுதான். ஒவ்வொரு ஜாயின்டைச் சுற்றியும் ஷேவிங் நுரையைத் தடவி, பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே நுரை குழிந்து உள்ளே இழுபடுகிறதோ அதுதான் குற்றவாளி.

நீர்மட்டம் இறங்குகிறது, குழாயில் கசிவே தெரியவில்லை என்றால், பம்பை நிறுத்திவிட்டு மட்டத்தில் ஒரு குறி போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் பம்பை ஓடவிட்டு அதே போல் 24 மணி நேரம். இரண்டு நாளும் ஒரே அளவு இறங்கினால் ஆவியாதலோ லைனர் ஓட்டையோதான். ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் குழாய்ப் பக்கமோ அருவியின் ஓரமோ கசிகிறது. அருவிக் கல்லுக்கடியில் லைனரின் விளிம்பு நனைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் குழாயைத் தோண்டுங்கள்.